பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

தமிழ்நாட்டு அரசு நடத்தும் மீட்புத் திட்டங்களில் பெரிய வெற்றி பெற்றது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்லுங்கள்: காலி பாட்டில் மீட்புத் திட்டம். காட்டில் வீசும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் காதைத் திருகியதும், 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்தார்கள். குவார்ட்டர் வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். குடித்து முடித்துப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கைக்கு வரும். பாட்டிலில் அதற்கென்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். விற்ற பாட்டிலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்துவிட்டது என்று கணக்கும் காட்டினார்கள். பிறகு மாவட்டம் மாவட்டமாக விரித்தார்கள்.

இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. நல்ல திட்டம்தான். போன பொருளுக்கு அடையாளம் உண்டு, வந்தால் வரவு எழுதுகிறார்கள், வராததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வயிற்றெரிச்சலெல்லாம் ஒன்றுதான். அந்தப் பாட்டிலைக் காலி செய்தவர் என்ன ஆனார் என்பதற்கு இதில் கால்வாசிக் கணக்காவது உண்டா?

இந்தக் கதை புதிதல்ல. மாமல்லபுரத்துக்குத் தன் பட்டப்பெயரைக் கொடுத்தவன் நரசிம்மவர்மன். அவனுடைய அப்பா மகேந்திரவர்ம பல்லவன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று சமஸ்கிருதத்தில் ஒரு கேலி நாடகம் எழுதினான். காஞ்சிபுரத்தில் ஒரு குடிகாரக் காபாலிகன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். பௌத்தத் துறவிதான் திருடினான் என்று தெருவில் சண்டை. கடைசியில் பார்த்தால் நாய் கவ்விக்கொண்டு போயிருக்கிறது. ஒரு பைத்தியக்காரன் மூலமாகப் பாத்திரம் திரும்பி வருகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி, திரை. குடித்தவன் தெளிந்தானா என்று ராஜா எழுதவில்லை. கேலி நாடகத்தில் அதெல்லாம் எழுத வேண்டியதும் இல்லை. பாத்திரம் கிடைத்தால் போதும், ஆள் எக்கேடு கெட்டால் என்ன என்ற இந்தக் கதையைப் பின்னாளில் கோட்டையில் உட்கார்ந்து அரசாணையாக எழுதுவார்கள் என்று பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, ஆளை மீட்கும் கடைகளுக்கு வருவோம். கோவளத்தில் தொடங்கிக் கல்பாக்கம் தாண்டி, உள்ளே செங்கல்பட்டு, மதுராந்தகம் வரை, எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ‘குடியை மறக்க 100 சதவீத உத்தரவாதம்.’ ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குணமாக்கலாம்.’ கீழே ஒரு செல்போன் எண். சிலவற்றின் பின்னால் ஒரு வாடகை வீடு இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கூடுதலாக இன்னொரு கம்பி. பெயரில் கட்டாயம் ஒளியோ விடியலோ கருணையோ வரும். போன் போட்டால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“அக்கா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி வந்துடும். நம்ம பசங்க நாலு பேர் வருவாங்க. நீங்க கதவ மட்டும் தொறந்து வுட்டாப் போதும்.”

“அடிக்க மாட்டீங்களே தம்பி?”

“சே சே, இன்னாக்கா நீங்க. கவுன்சலிங்தான்.”

அந்தக் கவுன்சலிங் எங்கே போய் முடியும் என்பதற்குக் காவல்துறையின் ஏடுகளிலேயே சாட்சி உண்டு. 2022-ல் சென்னை ராயப்பேட்டையில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டவர் பிணமாக வெளியே வந்தார். அடித்துக் கொன்றதாக மையத்தின் ஆட்கள் கைதானார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தைத் திறந்து பார்த்தபோது, மனநோயாளிகள், வீடற்றவர்கள், குடிக்கு அடிமையானவர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். முறையான பதிவு இல்லை. பாலியல் கொடுமை, சங்கிலி, குரங்கை விட்டுக் கடிக்க வைத்தது என்று குற்றச்சாட்டுகள். குரங்குக்கு இந்த நாட்டில் வனவிலங்குச் சட்டம் பாதுகாப்பு. மனிதனுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. பதிவு இல்லாமல் மையம் நடத்தக் கூடாது, எந்த வடிவிலும் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோன மாநிலத்துக்கு இதைச் சட்டம் போட்டா சொல்லித்தர வேண்டும்? சொல்லித்தந்தும் ஏறவில்லை.

உத்தரவாதத்தில் மட்டும் பொய் இல்லை. மூன்று மாதம் பூட்டி வைத்தால் யாரால் குடிக்க முடியும்? நூற்றுக்கு நூறு வெற்றிதான். பூட்டைத் திறந்த பிறகு என்ன ஆனது என்பதை யார் எழுதி வைக்கிறார்கள்? மறுபடி குடித்தால் மறுபடி வண்டி, மறுபடி பணம். மனைவியின் தாலிக்கொடியில் மிச்சம் இருக்கும்வரை மீட்பு தொடரும்.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி இன்னொரு கொடுமை. பல பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. டைசல்பிரம் இருந்தால் விஷயம் விபரீதம். டென்மார்க்கில் 1940-களில் கண்டுபிடித்த மருந்து அது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, வீட்டில் ஒருவர் கண்ணெதிரே விழுங்குகிறவருக்கு அது உதவும். தெரியாமல் சாம்பாரில் விழுங்கிவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு அது எமன்.

நேர்த்திக்கடனைப் பற்றி நக்கல் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்துகிறவர்களும் சபரிமலைக்குக் கறுப்பு உடுத்துகிறவர்களும் விரத நாள் முழுக்க ஒரு சொட்டுத் தொடாமல் இருந்து காட்டுகிறார்கள். எந்த மாத்திரையும் இல்லாமல்! கூட நாலு பேர் இருக்கிறார்கள், விடியற்காலையில் எழ ஒரு காரணம் இருக்கிறது, பெண்டாட்டியிலிருந்து பஸ் கண்டக்டர் வரை ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் அதே ஆள் ‘டேய்’. கடையும் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஒரு மண்டலம் ஒருவரை மரியாதையோடு நடத்தினால் என்ன நடக்கும் என்று ஆண்டுதோறும் கார்த்திகையில் நமக்கே பரிசோதனை செய்து காட்டப்படுகிறது. தையில் மறந்துவிடுகிறோம்.

அப்படியென்றால் எதுதான் வேலை செய்கிறது? உலகத்தில் இதை ஒழுங்காக எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணியதும் அவர்களுக்கு அடக்கம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1,726 பேரைச் சேர்த்து, மூன்று விதமான சிகிச்சைகளில் எது மேல் என்று பார்த்த ‘ப்ராஜெக்ட் மேட்ச்’ ஆய்வு 1997-ல் முடிவைச் சொன்னது: மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்றாலும் குடி குறைந்தது. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் இல்லை, பெயர் கேட்பதில்லை, நம் ஊரிலும் சர்ச் கூடத்திலும் பள்ளிக்கூட அறையிலும் நாற்காலி போட்டு நடக்கிறது. 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் காக்ரேன் அமைப்பு பார்த்தபோது, ஒரு வருடம் கழித்து முழுக்கக் குடியை விட்டிருந்தவர்கள், இந்த வழிக்கு முறையாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 42. மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 35. மருந்தும் உண்டு. அகாம்ப்ரோசேட்டை ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாக மறுபடி குடியைத் தொடாமல் தப்பிக்கிறார். நால்ட்ரெக்சோன் மொடாக்குடிக்குத் திரும்புவதைக் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தடுக்கிறது.

ஆக, உலகத்திலேயே நன்றாகச் செய்தாலும் பாதிக்குக் கீழேதான். மின்கம்பத்தில் நூறு, ஆராய்ச்சியில் நாற்பத்திரண்டு! மறுபடி குடிப்பது இந்த நோயின் குணம். ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் மறுபடி ஏறும் அளவுக்குத்தான் இதுவும் திரும்புகிறது என்று 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிவிட்டார்கள். சர்க்கரை உள்ள மாமா கல்யாண வீட்டில் ஜிலேபி தின்றுவிட்டார் என்று நாலு தடியர்களை வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் யாராவது பூட்டி வைக்கிறார்களா?

கோவாவில் செய்தது எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். டாக்டர் பட்டம் எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஆண்களோடு உட்கார்ந்து பேச வைத்தார்கள். அதிகம் போனால் நாலு முறை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. அடிமை நிலைக்கு இன்னும் போகாமல், கேடு வரும் அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மூன்று மாதம் கழித்து, முந்தைய பதினான்கு நாள் குடிக்கவே இல்லை என்றவர்கள், பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 42, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 18. 2017-ல் ‘லான்செட்’டில் வந்தது. நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 முதல் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் யார் குடிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாததா? அந்த நாலு அமர்வை அவர்களுக்குச் சொல்லித்தர எத்தனை கோடி ஆகிவிடும்? இங்கேயே வழி காட்டியவர்களும் உண்டு. 1980-ல் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். அந்த அறக்கட்டளையினர் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே பதினைந்து நாள் முகாம் போட்டு, ஊர்க்காரர்களையும் மனைவிமார்களையும் உட்கார வைத்துச் சிகிச்சை செய்து காட்டினார்கள். வண்டியும் இல்லை, தடியனும் இல்லை.

இதையெல்லாம் கோட்டைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கோட்டைக்கு வேறு கணக்கு. 2022-23-ல் அரசின் மதுக்கடை நிறுவனமான டாஸ்மாக்கின் வருமானம் 44,121 கோடி. 2023 ஜூன் 22-ல் 500 கடைகளை மூடினார்கள், பாக்கி 4,829. அந்த ஆண்டு வருமானம் 45,855 கோடி. மூடியதில் 1,734 கோடி லாபம்! 2024-25-ல் 48,344 கோடி, அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 132 கோடி. கடைசி ரூபாய் வரை கணக்கு உண்டு. இதை வசூலிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை. விற்பதற்கும் விலக்குவதற்கும் ஒரே அமைச்சர், ஒரே நாற்காலி. இன்னொரு பொருத்தம்: டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு இறங்கியது 2003 நவம்பர் 29. நம் செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 29. இருவருக்கும் ஒரே நாளில் கேக் வெட்டலாம்.

2023-ஆம் ஆண்டை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஏப்ரலில், கல்யாண மண்டபத்திலும் விளையாட்டு அரங்கிலும் சிறப்பு உரிமம் வாங்கிச் சாராயம் பரிமாறலாம் என்ற அரசிதழ் அறிவிப்பு வெளியே தெரிந்தது. ஊர் காறித் துப்பியதும் கல்யாண மண்டபத்தை எடுத்தார்கள். மே மாதம் நடுவில் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்து மீனவர்களும், நம் மாவட்டத்தில் பெருங்கரணைப் பக்கத்து இருளர்களும் மெத்தனால் குடித்துச் செத்தார்கள். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கும் மேல். ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்த மெத்தனால். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிலர் பிழைத்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவனுக்குப் பணமா என்று குளிர்சாதன அறையில் நல்ல சரக்கு வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். செத்தவர்கள் உயிரோடு இருந்தபோது, சிகிச்சைக்கென்று அதில் நூறில் ஒரு பங்கை யாராவது செலவழித்தார்களா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. ஜூனில் அந்த 500 கடை மூடல். ஜூலையில் 90 மில்லி பாக்கெட் பற்றிப் பேச்சு வந்தது. காலையில் குடித்துவிட்டுக் கடினமான வேலைக்குப் போகிறவர்களைக் குடிகாரர்கள் என்று சொன்னால் பொறுக்க மாட்டேன் என்றார் அன்றைய துறை அமைச்சர் முத்துசாமி.

அமைச்சர் சொன்னதில் பாதி சரி. அவர்களைக் குடிகாரர்கள் என்று திட்டக் கூடாதுதான். உலகம் முழுக்க மருத்துவர்கள் குடிநோயைக் கண்டுபிடிக்கக் கேட்கும் கேள்விகளில் ஒன்று: காலையில் எழுந்ததும் நிதானத்துக்கு வர ஒரு ரவுண்டு தேவைப்படுகிறதா? ஆமாம் என்றால் மருத்துவர் படுக்கை தேடுவார். நம் அமைச்சரவை நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது, மருந்துச் சீட்டில்தான் 90 மில்லி என்று யோசித்தது. அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, உழைத்துக் களைத்தவருக்கு டாஸ்மாக் சரக்கில் கிக் போதவில்லை, அதனால்தான் சிலர் கள்ளச்சாராயத்துக்குப் போகிறார்கள் என்று சட்டமன்றத்திலேயே விளக்கம் சொன்னார் மூத்த அமைச்சர் துரைமுருகன்.

அன்றைய எதிர்க்கட்சிக்காரர்கள் இங்கே கைதட்ட வேண்டாம். அரசே கடை வைத்து விற்கலாம் என்ற யோசனை 2003-ல் யாருடைய ஆட்சியில் வந்தது? 2016-ல் 500, 2017-ல் 500 என்று மூடிய கணக்கு அவர்களுக்கும் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் எல்லோரும் கடையை மூடுவதாகச் சொல்வார்கள். குடித்துக் கை நடுங்கிப்போன ஆளை என்ன செய்வீர்கள் என்று ஒரு தேர்தல் அறிக்கையாவது பக்கம் ஒதுக்கிச் சொன்னதா? கடையை ஒரே ராத்திரியில் மூடினால் என்ன ஆகும் என்று 2020 ஏப்ரலில் இதே செங்கல்பட்டில் பார்த்தோம். ஊரடங்கில் சரக்குக் கிடைக்காமல் பெயிண்டில் வார்னிஷைக் கலந்து குடித்து மூன்று பேர் செத்தார்கள். நீண்ட நாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். படுக்கையும் மருந்தும் உள்ள இடத்தில் கடக்க வேண்டிய நாட்கள் அவை. அப்போது அரசு திறந்தது எது? மே 7-ல் கடையைத் திறந்தது. அன்று ஒரே நாளில் 170 கோடிக்கு மேல் விற்றது.

2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180-ல் ஒருவர். எந்தச் சிகிச்சை சிறந்தது என்று சண்டை போடும் தகுதியே மிச்சம் 37 பேரைத் தெருவில் விட்ட நமக்கு இல்லை.

2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தார்கள். வரவேற்கிறேன், வாய்விட்டே வரவேற்கிறேன். இத்தனை ஆயிரம் கடைக்கு 25 மையம் என்ற விகிதத்தைக்கூடத் தற்காலிகமாக மன்னிக்கிறேன். கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். போன ஆண்டு வந்தவர் எத்தனை, ஆறு மாதத்தில் தொடர்பில் இருப்பவர் எத்தனை, ஒரு வருடம் குடிக்காமல் இருப்பவர் எத்தனை, திரும்பக் குடித்து மறுபடி வந்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. நூற்றுக்கு முப்பது என்று வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை, உலகமே அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. உறுதிமொழி எடுத்த பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் தயவுசெய்து அதில் எழுதாதீர்கள். தீபாவளி விற்பனையை மறுநாள் காலைக்குள் கூட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு இந்தக் கூட்டல் கஷ்டமாக இருக்காது.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு மின்கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருக்கும் அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. கை நடுக்கமோ வலிப்போ வந்தால் நேராக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் கேளுங்கள். தெரியாமல் கலக்கும் பொடியைச் சாக்கடையில் கொட்டுங்கள். தனியார் இல்லத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எந்த டாக்டர் எந்த நேரம் இருப்பார் என்று கேளுங்கள், நினைத்த நாளில் வந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் மழுப்பினாலும் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் திறக்காதீர்கள்.